ஒரே குத்தில் போட்ட சிஸ்டர்

டிஸ்சார்ஜ் அன்று மருந்துப் பையோடு ஒரு தாளையும் கொடுத்தார்கள். 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று மேலே போட்டிருந்தது. டாக்டர், நர்ஸ், சுத்தம், சாப்பாடு என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து முகங்கள், அழுகிற முகத்தில் ஆரம்பித்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகம் வரை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். நர்ஸ்களின் முறை வந்தபோது, "என்னம்மா போடட்டும்?" என்று கேட்டேன்.

அம்மா முகங்களைப் பார்க்கவே இல்லை. "அந்த ராத்திரி சிஸ்டர் ஊசிய ஒரே குத்துல போட்டுச்சுன்னு எழுது" என்றாள்.

"அத எழுத எடமில்லம்மா. மூஞ்சிதான் இருக்கு."

"அப்ப ஓரத்துல எழுது."

எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் தாளை வாங்கி, ஓரத்தைப் பார்க்காமலே கட்டோடு சேர்த்துச் செருகிவிட்டாள்.

எனக்குத்தான் அது மனசில் நின்றுவிட்டது. எட்டு நாள் அந்த வார்டில் இருந்தோம். ஒரு சிஸ்டர் அம்மாவுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டார். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி, தன் ஃப்ளாஸ்கிலிருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். இன்னொருத்தி தினமும் "இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருக்கே பாட்டி" என்று சொல்லாமல் கட்டிலைத் தாண்ட மாட்டாள். இத்தனையையும் விட்டுவிட்டு, ஊசி போட்டதையா எழுதச் சொல்வது?

*

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அம்மா 1974-ல் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான பேரில் ஒருத்தி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-லேயே நீலகிரியில் ஆரம்பித்த அரசுத் தோட்டம்தான் டான்டீ. அங்கே ஓய்வு பெறுகிற வரை கொழுந்து பறித்தாள். இன்னும் தேநீரைத் 'தேத்தண்ணி' என்றுதான் சொல்வாள். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன்.

போன மார்கழியில் அம்மாவுக்குச் சளி இறங்கி நிமோனியாவாகிவிட்டது. பள்ளத்தில் உறைபனி விழுகிற வாரம் அது. காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடக்கும். ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் 108-க்குப் போன் போட்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கே வேண்டாம். சொல்லப்போகிறதில் கொஞ்சம் குறையும் இருக்கிறது.

போனவுடன் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டினார்கள். எண்ணே வரவில்லை, கோடு கோடாக ஓடியது. விரலை மாற்றினார்கள், அப்போதும் இல்லை. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளித் தழும்பேறிய விரல்கள், அதோடு ஐஸ் மாதிரி சில்லென்று வேறு. குளிரில் விரலுக்கு ரத்தம் ஓடுவது குறைந்துவிட்டால் அந்த மெஷினுக்குப் பிடிபடாது என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்து டிரிப்ஸ் போட நரம்பு தேடினார்கள். பணியில் இருந்த பெண் சின்ன வயசு, பதற்றத்தில் இருந்தாள். இடது கையில் ஒரு தடவை, மணிக்கட்டுக்கு மேலே ஒரு தடவை, வலது கையில் ஒரு தடவை. மூன்றும் வீங்கிப்போனது. அம்மா கத்தவில்லை, கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டாள். "நரம்பே இல்லையே பாட்டி உங்களுக்கு" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, அழுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்ட அம்மா, தன் உடம்பில் ஏதோ குற்றம் இருப்பது போலக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் நைட் டியூட்டி சிஸ்டர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். படுகர் ஊரான ஒரு ஹட்டியிலிருந்து வருகிறவர், போனில் வீட்டாரோடு படுகு மொழியில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். ஊசியைத் தொடவில்லை. ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தார், என் ஃப்ளாஸ்கைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து கையுறைக்குள் ஊற்றி, பலூன் மாதிரி முடிச்சுப் போட்டார். சூட்டைத் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தார். குழந்தைக்குப் பால் ஆற்றும்போது பார்ப்போமே, அதே மாதிரி. அதை ஒரு துண்டில் சுற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றார். ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு கையைத் திருப்பிப் புறங்கையை இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார். நீலமாக ஒரு கோடு எழும்பியது. ஒரே குத்து, ரத்தம் வந்து நின்றது, பிளாஸ்திரி ஒட்டினார். கிளிப்பை மறுபடி மாட்டினார். 88 என்று காட்டியது.

அம்மா கண்ணைத் திறந்து, "போட்டாச்சா?" என்று கேட்டாள்.

*

வீட்டுக்கு வந்த பிறகு, நோயாளிகளுக்கு நர்ஸிடம் எது முக்கியம் என்று யாராவது ஆராய்ந்திருப்பார்களா என்று தேடினேன். இருக்கிறது, நாற்பது வருஷமாகவே நடக்கிறது.

'பரிவு' என்பதையே நர்சிங்கின் மையமாக வைத்து ஜீன் வாட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1979-ல் ஒரு கோட்பாடு எழுதினார். அது உயரத்தில் நின்று பேசுகிற விஷயம், எனக்குப் பாதிதான் ஏறியது. எனக்குப் பிடித்தது பட்ரீஷியா லார்சன் செய்த வேலை. நர்ஸ் செய்யக்கூடிய 50 காரியங்களைத் தனித்தனி அட்டையில் எழுதினார். காது கொடுத்துக் கேட்பது, தொட்டு ஆறுதல் சொல்வது, ஊசியும் டிரிப்ஸும் சரியாகப் போடத் தெரிந்திருப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பது, இப்படி. அட்டைகளை ஏழு குவியலாகப் பிரிக்க வேண்டும். மிக முக்கியமானதில் ஒன்றே ஒன்று, அடுத்ததில் 4, பிறகு 10, நடுவில் 20, மறுபடி 10, 4, கடைசிக் குவியலில் ஒன்று. எல்லாவற்றுக்கும் சிரிக்கிற முகத்தை டிக் அடித்துவிட்டுத் தப்பிக்க முடியாது. எங்கள் தொழிற்சாலையில் தூளைச் சல்லடையில் விட்டுத் தரம் பிரிப்பது மாதிரிதான், எல்லாத் தூளும் மேல் சல்லடையிலேயே நிற்க முடியாது.

1984-ல் 57 புற்றுநோயாளிகளிடம் லார்சன் இந்த அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் மேலே வைத்தது ஊசி, டிரிப்ஸ், கருவிகளைக் கையாளத் தெரிந்திருப்பதை. டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று தெரிந்திருப்பதும் அதன் பக்கத்திலேயே வந்தது. அப்புறம் இதே அட்டைகளைப் புற்றுநோய் வார்டு நர்ஸ்களிடம் கொடுத்தார். அவர்கள் மேலே வைத்தது காது கொடுத்துக் கேட்பதை, தொட்டு ஆறுதல் தருவதை. 1988-ல் மாரடைப்பு வந்து தீவிர சிகிச்சையில் இருந்த 22 பேரிடம் வேறு இருவர் வேறொரு கேள்வித்தாளை வைத்துக் கேட்டபோதும், தான் செய்கிற வேலை தெரிந்த நர்ஸ் வேண்டும் என்பதுதான் முன்னால் நின்றது.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மா தாளின் ஓரத்தில் எழுதச் சொன்னதும் இதையேதானே.

ஆனால் நர்ஸ்கள் ஏன் வேறு மாதிரி அடுக்கினார்கள்? நர்ஸ்களுக்கு நோயாளியைப் புரியவில்லை என்று சிலர் இதை வைத்துப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, என் வேலையை வைத்தே சொல்கிறேன். எங்களுக்குப் பச்சைத் தேயிலை கொண்டு வருகிற சிறு விவசாயிகளிடம் நான் என்னைப் பற்றிப் பெருமையாக நினைப்பது, எல்லாரிடமும் சிரித்த முகமாகப் பேசுகிறேன், வீட்டு விஷயம் விசாரிக்கிறேன் என்பதைத்தான். கூட்டல் சரியாக இருப்பதை நான் பெருமையாக நினைப்பதே இல்லை, அதற்குத்தானே சம்பளம். ஆனால் அவர்கள் என்னைப் பற்றி வெளியே சொல்வது, "அந்தம்மா எடை எழுதினா கிலோ தப்பாது" என்பதைத்தான். ஈரத்துக்கென்று கழிக்கிற கழிவில் ஒரு கிலோ கூடப் போட்டுவிட்டு நான் எவ்வளவு சிரித்தாலும், அந்தச் சிரிப்பு அவர்களுக்குக் கசக்கத்தான் செய்யும். நர்ஸுக்கு ஊசி போடுவது கூட்டல் மாதிரி. கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு அது எடை.

ஒரு ராத்திரி அந்த சிஸ்டர் டிரிப்ஸ் சொட்டை எண்ணுவதைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பாட்டில் குழாய்க்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணினார். 15 விநாடிக்கு 5 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி, இந்த வேகத்தில் விட்டால் அரை லிட்டர் பாட்டில் எட்டு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டி ஓடும் என்று எனக்கு விளக்கினார். எனக்குக் கணக்கு என்றால் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு சொன்னாரோ என்னவோ. எதிர்க் கட்டில்காரரின் மகன், சீக்கிரம் முடியட்டும் என்று குழாயில் சொட்டின் வேகத்தை மாற்றுகிற சக்கரத்தை உருட்டிவிட்டிருந்தான். அவனிடம் மட்டும் குரல் உயர்ந்தது. "வயசானவங்களுக்கு ஒரேயடியா ஏத்தினா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். இனிமே தொட்டீங்கன்னா வெளிய அனுப்பிருவேன்." அந்த அதட்டலைக் கேட்ட அம்மா, எனக்கு ஆச்சரியமாக, அதோடு நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

*

லார்சனின் விளையாட்டை அம்மாவோடு ஆடிப் பார்த்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த பழைய தாள்கள் பன்னிரண்டை எடுத்து, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு காரியம் எழுதிக்கொண்டேன். படிக்கப் படிக்க, அம்மா "இது வேணும்", "இதுவும் வேணும்" என்று எல்லாவற்றையும் மேலே அடுக்கினாள். "அப்படி வைக்கக் கூடாதும்மா, ஏதாவது ஒண்ணு கீழ வரணும்" என்று சண்டை போட்ட பிறகுதான் பிரித்தாள். ஊசி மேலே போய்விட்டது, அதில் சந்தேகமே இல்லை. கீழே போனது எது தெரியுமா? 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பது'. "இதெல்லாம் ஒரு விஷயமா? பாட்டின்னு கூப்பிடும், வேறென்ன கூப்பிடும்?" இப்படிக் கேட்ட ஆய்வுகள் சிலவற்றிலும் நோயாளிகள் இதைக் கீழேதான் தள்ளியிருந்தார்கள். சரி, உலகமெல்லாம் ஒன்றுதான் போல என்று தாள்களை மடித்து வைக்கப் போனேன்.

அப்போது அம்மாவே சொன்னாள், "நம்ம பக்கத்துக் கட்டில்காரிகிட்ட கேட்டா இதத்தான் முதல்ல வைப்பா."

ஆமாம். அதை நான் மறந்தே போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஓர் இருளர் அம்மா, கோத்தகிரிக்குக் கீழே மேட்டுப்பாளையம் சரிவில் இருக்கிற ஊர். அம்மாவைவிட நாலைந்து வயசு மூத்தவராகவே இருப்பார். கூட இருந்தது ஒரு பேரன் மட்டும். எங்களிடம் "பாட்டி, சாப்டீங்களா?" என்று கேட்கிற அதே வாய், அந்தப் பக்கம் திரும்பியதும் "இந்தா, எந்திரி", "மாத்திர போட்டியா இல்லையா", "ஒனக்கு எத்தன தடவ சொல்றது" என்று மாறும். எல்லாரும் அப்படி இல்லை. ஆனால் இரண்டு பேர், தவறாமல். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதில் ஒருத்திதான் அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டவர்.

'நீ' என்றாலே மரியாதைக் குறைவு என்று இல்லை. "பாட்டி, நீ கஞ்சி குடிச்சியா?" என்று கேட்கிற 'நீ'-யில் சொந்தம் இருக்கிறது. நாகர்கோவில் பெண் எங்கள் அம்மாவை அப்படித்தான் கேட்பாள், அம்மாவுக்கு அது இனிக்கும். முன்னால் ஒரு பாட்டியோ அம்மாவோ இல்லாமல் மொட்டையாக வருகிற 'நீ' வேறு. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறவருக்குத் தெரியாமல் போகலாம், கேட்கிறவருக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எனக்கும் தெரியும். தோட்டத்து ஆபீசில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த இருளர் அம்மா மூன்றாம் நாள் விடியற்காலையில், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கையில் மாட்டியிருந்த ஊசியைக்கூட எடுக்கவில்லை. "சொல்லாம கொள்ளாம ஓடிருச்சு பாரு, இவங்க இப்படித்தான்" என்றார் ஆயா. ஊசி அவருக்கும் ஒரே குத்தில்தான் ஏறியிருந்தது, நான் பார்த்தேன். அவரிடம் யாராவது அந்த 50 அட்டையைக் கொடுத்திருந்தால், ஊசி எந்தக் குவியலுக்குப் போயிருக்கும்?

கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. 1990-ல் ஆரம்பித்த அமைப்பு. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளுக்காக நடப்பது. அங்கே செய்த முக்கியமான காரியம், அந்தச் சமூகங்களின் இளம்பெண்களுக்கே பயிற்சி கொடுத்து நர்ஸாக ஆக்கியது. வார்டுக்குள் நுழைந்ததும் நம் பேச்சைப் பேசுகிற ஒருத்தி நிற்கிறாள் என்றால், விடியற்காலையில் ஓட வேண்டியதில்லை. நர்ஸின் கைத்திறமையை முதலில் வைக்க வேண்டுமானால், நோயாளி முதலில் அந்தக் கட்டிலில் தங்க வேண்டும். எங்களுக்குத் தங்குவதில் பிரச்சினை இல்லை, அதனால் அம்மாவுக்கு ஊசி மேலே வந்தது. லார்சனின் 57 பேருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

*

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வரிசையும் எட்டு நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை.

முதல் இரண்டு நாள் யார் பேசினாலும் அவளுக்கு எரிச்சல். மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. நாலாம் நாள் ஆக்ஸிஜனைக் கழற்றினார்கள், அன்று சாயங்காலமே புகார் ஆரம்பித்தது. "அந்த சிஸ்டர் என்னப் பாக்காமலே போகுது." வெந்நீர்க் கையுறை வைத்த அதே சிஸ்டரைத்தான். அவருக்கு இப்போது வேறு இரண்டு கட்டில்களில் மூச்சு இழுக்கிறவர்கள். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்த வார்டில் ராத்திரி நான் எண்ணியது 24 கட்டில், ஒரு சிஸ்டர், ஒரு ஆயா. அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் எனக்கும் தெரியுது. போறப்ப ஒரு பார்வை பாத்துட்டுப் போனா கொறஞ்சா போகும்" என்றாள்.

குறை என்று நான் நிஜமாகவே நினைப்பது ஐந்தாம் நாள் நடந்தது. டியூட்டி மாறுகிற நேரம், இரண்டு பேர் அம்மாவின் கால்மாட்டில் நின்று கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். "கோயம்புத்தூருக்கு அனுப்பணும்னு சொல்லிட்டாங்க. வீட்டாளுங்ககிட்ட சொல்லியாச்சா?" அது அடுத்த வரிசைக் கட்டிலைப் பற்றிய பேச்சு. அம்மாவுக்கு அது தெரியாது. மலையில் எங்களைப் போன்றவர்களுக்கு 'கோயம்புத்தூருக்கு அனுப்பறாங்க' என்றால் இங்கே பார்க்க முடியாத அளவுக்கு முற்றிவிட்டது என்று அர்த்தம். நான் கேன்டீனிலிருந்து வந்தபோது அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ராத்திரி பத்து மணிக்குத்தான் வாய் திறந்தாள். காதில் போட்டிருந்த தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இத இப்பவே வாங்கிக்க. எறங்கற வழியில என்ன ஆகுமோ" என்றாள்.

அரை நாள். நாலடி தள்ளி நின்று பேசியிருந்தால் அந்த அரை நாள் அவளுக்கு மிஞ்சியிருக்கும். மறுநாள் அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. நேரே கட்டிலுக்குப் போய், அம்மாவின் கேஸ் ஷீட்டைப் பிரித்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது உங்க பேரு. இது நேத்து காய்ச்சல், இல்ல. இது ஆக்ஸிஜன், 95. இதுல எங்கயாவது கோயம்புத்தூர்னு இருக்கா பாருங்க" என்று காட்டினார். அம்மா தாளை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "இல்ல" என்று தலையாட்டினாள். அப்புறம் என் பக்கம் திரும்பித் தோட்டைக் கேட்டாள்.

*

போன வாரம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தோம். காலை ஏழரை மணி, பனி இன்னும் விலகவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் இருபது பேர் வரிசை. அம்மா நேரே எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய், "ஒரு தேத்தண்ணி" என்றாள்.

"அம்மா, வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும்."

"எனக்குத் தெரியாதா?"

கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். குடிக்கவில்லை. ஆவி முகத்தில் அடிக்கிறது, கையை மட்டும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டதும், டம்ளரைப் பின்னால் நின்ற பாட்டியிடம் நீட்டினாள். "கைய சூடு பண்ணுங்க, நரம்பு தெரியும். குடிச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.